சந்துக்குள் போட்ட குழாய் எங்கே போய்ச் சேரும்? குடிசைப் பகுதி மேம்பாட்டில் ‘மக்கள் பங்கேற்பு’ பற்றி ஒரு விளக்கம்

‘மக்கள் பங்கேற்புடன் குடிசைப் பகுதிகளில் அடிப்படை வசதிகள் மேம்படுத்தப்படும்’ என்ற வரி பட்ஜெட் உரைகளிலும் மாநகராட்சித் தீர்மானங்களிலும் அடிக்கடி வருகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஒருவருக்கு அது வார்டு கூட்டத்தில் கையெழுத்து வாங்குவது. இன்னொருவருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்வது. வேறொருவருக்கு மக்களே மண்வெட்டி எடுத்துத் தோண்டுவது. மூன்றும் இருந்தும் வேலை உருப்படாமல் போன இடங்கள் உண்டு.

எது எங்கே ஓடுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் கழிவுநீர்க் குழாயை வைத்துப் பார்ப்பதுதான் சுலபம். குடிநீர், மின்சாரம், பாதை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான் பொருந்தும். ஆனால் கழிவுநீரில் தப்பு செய்தால் உடனே நாறிவிடும்.

## முதலில் அடிப்படை

நிலப் பத்திரம், கட்டட அனுமதி, நகரத் திட்ட வரைபடத்தில் இடம் ஆகிய மூன்றில் எதுவுமே இல்லாமலோ, ஒன்றிரண்டு இல்லாமலோ உருவான குடியிருப்பைத்தான் முறைசாராக் குடியிருப்பு என்கிறோம். அங்கே ஏழைகள்தான் அதிகம், ஆனால் வரையறை வருமானத்தை வைத்து அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களின் குடிசைப் பகுதிகளில் சுமார் 6.5 கோடிப் பேர் வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 58 லட்சம்.

நம் வருவாய்த் துறைக் கணக்கில் இப்படிப்பட்ட நிலம் பெரும்பாலும் புறம்போக்கு. அதிலும் இரண்டு வகை. ஆட்சேபனையற்ற புறம்போக்கு என்றால் என்றாவது ஒருநாள் பட்டா கிடைக்க வழி உண்டு. ஆற்றங்கரை, ஏரி, கால்வாய் போன்ற நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அது ஆட்சேபனைக்குரியது. பட்டா வராது. பட்டா இல்லாத இடத்தில் பொதுப் பணத்தைச் செலவு செய்ய அதிகாரிகள் தயங்குவார்கள். அதனால்தான் பல குடியிருப்புகளில் தெருக்குழாயும் விளக்குக் கம்பமும் இருக்கும், பாதாள சாக்கடை இணைப்பு மட்டும் இருக்காது.

அரசுக்கு முன்னால் மூன்று வழிகள்:

1. காலி செய்து ஊருக்கு வெளியே மறுகுடியமர்த்துவது.
2. அதே இடத்தில் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது.
3. வீடுகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, குழாய், கழிப்பறை, பாதை, மின்சாரம் ஆகியவற்றைக் கொண்டுவருவது.

மூன்றாவதைத்தான் ‘மேம்பாடு’ என்று இங்கே சொல்கிறோம். மக்கள் பங்கேற்பு என்ற பேச்சுக்கு உண்மையான வேலை இருப்பதும் அங்கேதான். முதல் இரண்டில் மக்களிடம் கேட்க என்ன இருக்கிறது, எந்த மாடி வேண்டும் என்பதைத் தவிர?

## ஓரங்கி: ஒரு சந்து எப்படி வேலை செய்தது

இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் கராச்சியின் வடமேற்கு ஓரத்தில் உள்ள ஓரங்கி. 1960களில் தொடங்கிய குடியிருப்பு, 1971 போருக்குப் பிறகு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களால் மளமளவென்று வளர்ந்தது. தரகர்கள் அரசு நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்றார்கள். செய்தது சட்ட மீறல்தான், ஆனால் கோடு போட்டுப் பிரித்ததால் சந்துகள் ஓரளவு நேராக அமைந்தன. பின்னால் குழாய் போட்டவர்களுக்கு இது பெரிய உதவி. தண்ணீரும் சாலையும் அரைகுறையாக வந்து சேர்ந்தன. சாக்கடை மட்டும் வரவேயில்லை. வாளிக் கழிப்பறை, உறிஞ்சு குழி, சந்தின் நடுவே ஓடும் கழிவுநீர், இவைதான் நிலைமை.

1980-ல் அக்தர் ஹமீது கான் அங்கே போய் ‘ஓரங்கி முன்னோடித் திட்டம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ். பதவியை உதறியவர், இன்றைய பங்களாதேஷின் கொமில்லாவில் கூட்டுறவு இயக்கத்தைக் கட்டியவர். கையில் ஒரு வங்கியின் அறக்கட்டளை கொடுத்த பணம் இருந்தது, ஆனால் குழாய் வாங்க அதைத் தரமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். மாதக்கணக்கில் சந்து சந்தாக நடந்து, ஏன் நீங்களே செய்துகொள்ளவில்லை என்று கேட்டார். கிடைத்த பதில்களை நான்கு தடைகளாக வகுத்தார்கள்:

1. மனத்தடை: இது அரசு இலவசமாகச் செய்யவேண்டிய வேலை என்ற நம்பிக்கை.
2. பணத்தடை: ஒப்பந்தக்காரர் சொல்லும் விலை கட்டுப்படியாகாது.
3. நுட்பத்தடை: மட்டம் பார்க்க, மதிப்பீடு போட யாருக்கும் தெரியாது.
4. சமூகத்தடை: பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு இல்லை.

ஊரையே ஒன்றுதிரட்டும் சங்கம் எதையும் அவர்கள் தொடங்கவில்லை. 20 முதல் 30 வீடுகள் உள்ள ஒரு சந்துதான் அலகு. அந்த அளவில் யார் பணம் கொடுத்தார், யார் டிமிக்கி கொடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். சந்துக்காரர்களே ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, உதவி வேண்டும் என்று எழுதிக் கேட்கவேண்டும். அதன் பிறகுதான் ஓரங்கி முன்னோடித் திட்டத்தின் ஆட்கள் வருவார்கள்: மட்டம் பார்த்து, வரைபடம் போட்டு, எத்தனை குழாய், எத்தனை மூட்டை சிமெண்ட், வீட்டுக்கு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுப்பார்கள். கருவிகளையும் மேன்ஹோல் வார்ப்பதற்கான இரும்பு அச்சுகளையும் இரவல் தருவார்கள். பணத்தை மட்டும் தொடமாட்டார்கள். வசூல், கொள்முதல், கணக்கு எல்லாம் சந்துப் பொறுப்பாளர் கையில்.

இதில் வாட்டம்தான், அதாவது குழாயின் சரிவுதான், எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 300 அடிச் சந்து என்று வையுங்கள். 100 அடிக்கு ஓர் அடி வாட்டம் கொடுத்தால், முதல் வீட்டு வாசலில் ஒன்றரை அடி ஆழத்தில் தொடங்கும் குழாய் கடைசி வீட்டில் நாலரை அடி ஆழத்தில் இருக்கும். கடைசி வீட்டுக்காரர் தன் வாசலில் அவ்வளவு ஆழம் தோண்டச் சம்மதிக்கவேண்டும். நடுவில் ஒருவர் தன் படிக்கட்டை இடிக்க மறுத்தால் குழாய் அங்கே நெளியும், நெளிந்த இடத்தில் அடைக்கும். மேன்ஹோல் தன் வாசலில் வருவதை யாரும் விரும்பமாட்டார்கள். இந்தச் சண்டைகளை எந்தப் பொறியாளரும் வெளியிலிருந்து வந்து தீர்க்க முடியாது. சந்துக்குள் இருப்பவர்களின் பங்கேற்பு தவிர்க்க முடியாததாக ஆவது இந்த இடத்தில்தான். கொள்கைப் பற்றினால் அல்ல.

எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டுக் கழிப்பறைக்கும் சந்துக் குழாயின் பங்குக்கும் சேர்த்து ஒரு வீட்டுக்கு ஆன செலவு சுமார் 1,000 பாகிஸ்தான் ரூபாய். அரசு மதிப்பீடு இதைப்போல் பல மடங்கு. எங்கே குறைந்தது?

- இடைத்தரகு போனது. ஒப்பந்தக்காரர் லாபம், கமிஷன், மேற்பார்வைச் செலவு எதுவும் இல்லை.
- ஆழம் குறைந்தது. லாரி ஓடும் சாலைக்கான விதிப்படி குழாயை ஆழத்தில் புதைப்பது, சைக்கிள் மட்டுமே நுழையும் சந்துக்குத் தேவையில்லை.
- மேன்ஹோல் எளிமையானது. செங்கல் கட்டுமானத்துக்குப் பதிலாக இரும்பு அச்சை இறக்கி அங்கேயே கான்கிரீட் ஊற்றினார்கள்.
- வீட்டுக்கும் சந்துக் குழாய்க்கும் நடுவே ஒரு சிறு தொட்டி வைத்தார்கள். கெட்டிக் கழிவு அதில் தங்கிவிடும், குழாய் அடைக்காது.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. ஆரம்பத்தில் மூடிகள் உடைந்தன, இணைப்புகள் ஒழுகின. கலவை சரியில்லை, கான்கிரீட்டை நனைத்து ஆறவிடவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு விடை எளிய துண்டறிக்கைகளும் கொத்தனார்களுக்குப் பயிற்சியும். காலப்போக்கில் இந்த முறையில் 90,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கழிவுநீர் வசதி கிடைத்தது.

## உள்வேலை, வெளிவேலை

ஓரங்கியிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட கருத்து இதுதான். கழிவுநீர் அமைப்பை நான்கு கட்டமாகப் பிரிக்கலாம்:

1. வீட்டுக்குள் கழிப்பறை
2. சந்துக் குழாய்
3. பல சந்துகளைச் சேர்க்கும் துணைக் குழாய்
4. பெருங்குழாயும் சுத்திகரிப்பு நிலையமும்

முதல் மூன்றும் உள்வேலை. மக்களே பணம் போட்டு, செய்து, பராமரிக்க முடியும். நான்காவது வெளிவேலை. அது அரசின் பொறுப்பு, வேறு யாராலும் முடியாது. பாகிஸ்தானின் 2006 தேசியச் சுகாதாரக் கொள்கை இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அரசு தன் பங்கைச் செய்யாவிட்டால்? சந்துக்குள் தேங்கிய கழிவு இப்போது சுத்தமாக ஓடி, மழைநீர் ஓடையில் கொட்டுகிறது. ஓரங்கி மேடு பள்ளமான நிலம், இயற்கையான ஓடைகள் பல. அதனால் தொடக்கத்தில் இது வசதியாகவே இருந்தது. பின்னாளில் திட்டத்தின் இயக்குநராக இருந்த கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான், உள்ளூர் இளைஞர்களுக்கு அளவைப் பயிற்சி கொடுத்து நகரத்தின் ஓடைகளை வரைபடமாக்கினார். கராச்சியின் கழிவுநீரில் பெரும்பகுதி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவே இல்லை, ஓடைகள் வழியாகக் கடலுக்குத்தான் போகிறது என்பதை அந்த வரைபடங்கள் காட்டின. அப்படியென்றால் இருக்கும் ஓடைகளையே மூடிய பெருங்குழாய்களாக மாற்றி, அவை முடியும் இடத்தில் சுத்திகரிக்கலாமே என்பது அவர்களின் வாதம். தண்ணீர்த் திருட்டையும் நில ஆக்கிரமிப்பையும் ஆவணப்படுத்திவந்த அவர் 2013 மார்ச் 13-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். வரைபடம் என்பது வெறும் தொழில்நுட்பச் சமாச்சாரம் அல்ல. யார் எங்கே வாழ்கிறார்கள், யார் எதை எடுக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடுகிறது.

2020 ஆகஸ்டில் கராச்சியைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. ஓடைகளை அகலப்படுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021-ல் குஜ்ஜர் ஓடை, ஓரங்கி ஓடை ஆகியவற்றின் கரைகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. முறையான குத்தகைப் பத்திரம் வைத்திருந்தவர்களின் வீடுகளும் அதில் அடக்கம். உள்வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும், வெளிவேலையில் அரசு விட்ட ஓட்டையின் விலை மறுபடியும் அதே மக்கள் தலையில் விழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

## நாளை இடிப்பார்களா?

வீட்டை நாளை இடிக்கக்கூடும் என்றால் இன்று குழாய்க்கு யாரும் பணம் போடமாட்டார்கள். பங்கேற்பு பற்றிய பயிற்சிப் பட்டறைகளில் இதை ஏனோ கடைசியில்தான் பேசுகிறார்கள். முதலில் பேசவேண்டிய விஷயம் இது.

அகமதாபாத் 1990களில் ஒரு நடுவழி கண்டது. ‘பரிவர்த்தன்’ என்ற அந்தத் திட்டத்தில் மாநகராட்சி பட்டா தரவில்லை. பத்து ஆண்டுகளுக்கு அப்புறப்படுத்தமாட்டோம் என்று உறுதி மட்டும் கொடுத்தது. அந்த ஒரு தாளை நம்பி ஒவ்வொரு குடும்பமும் 2,000 ரூபாய் கட்டுமானத்துக்கும் 100 ரூபாய் பராமரிப்புக்கும் போட்டது. கையில் பணம் இல்லாதவர்களுக்கு சேவா பெண்கள் வங்கி கடன் கொடுத்தது. தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, நடைபாதை, தெருவிளக்கு எல்லாம் வந்தன. முழு உரிமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நம்பத்தகுந்த உறுதி போதும் என்பதை அது காட்டியது. பத்து ஆண்டு முடிந்ததும் என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது என்பதையும் சொல்லவேண்டும்.

தாய்லாந்தின் ‘பான் மன்கோங்’ இன்னும் ஒரு படி மேலே. 2003-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் அரசுப் பணம் ஒப்பந்தக்காரருக்குப் போகாமல் குடியிருப்பின் கூட்டுறவுச் சங்கத்துக்கே போகும். தொடக்கத்தில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று மானியம் நிர்ணயித்தார்கள்: இருந்தபடியே மேம்படுத்த 25,000 பாட், மனைகளை ஒழுங்குபடுத்தி மறுபடி கட்ட 45,000, வேறிடம் போக 65,000. எதை எப்படிச் செலவிடுவது என்பது சங்கத்தின் முடிவு. நில உரிமையும் தனித்தனியாக அல்ல, சங்கத்தின் பெயரில்.

நமக்கு இதில் கவனிக்கவேண்டியது பாங்காக்கின் பாங் புவா கால்வாய். நம் கூவம் கரைபோல, தண்ணீருக்குமேல் கால் ஊன்றி நின்ற வீடுகள். கால்வாயை அசுத்தம் செய்கிறீர்கள், வெளியேறுங்கள் என்பதுதான் அங்கேயும் முதல் பேச்சு. கரையோரக் குடியிருப்புகள் ஒன்றுசேர்ந்து, நாங்களே வீடுகளைப் பின்னால் தள்ளிக்கட்டி கரைக்குப் பாதை விடுகிறோம், கால்வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அரசுக் கருவூலத் துறையிடம் 30 ஆண்டுக் குத்தகை வாங்கினார்கள். ஆட்சேபனைக்குரிய நிலம் என்றாலே ஒரே முடிவுதான் என்று நம்புபவர்கள் இதைப் பார்க்கவேண்டும். சென்னையில் இதை அப்படியே செய்யலாம் என்று சொல்லவில்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில், சில கரைகளில் பின்னால் தள்ளிக்கட்ட இடமே இல்லை. ஆனால் எந்தக் கரையில் உண்டு, எதில் இல்லை என்று குடியிருப்பு குடியிருப்பாக அளந்து பார்த்துவிட்டுச் சொல்வது வேறு, மொத்தமாக ‘நீர்நிலை ஆக்கிரமிப்பு’ என்று எழுதிவிடுவது வேறு.

## பணம் யார் கையில்?

கொழும்பில் ‘தோட்டம்’ என்று அழைக்கப்படும் குடிசைப் பகுதிகள் 1980களில் ஒரு தெளிவான விடை கொடுத்தன. இலங்கை அரசின் ‘பத்து லட்சம் வீடுகள்’ திட்டத்தின் காலம் அது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இந்தக் குடியிருப்புகளில் சமூக அபிவிருத்திச் சபைகள் உருவாகியிருந்தன. கிணறு, வடிகால், பொதுக் கழிப்பறை, நடைபாதை போன்ற சிறு வேலைகளை, டெண்டர் இல்லாமல் அந்தச் சபைகளுக்கே ஒப்பந்தமாகக் கொடுக்க தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை வழிசெய்தது. வேலையில் மிஞ்சும் லாபம் சபைக்கே. தரம் மோசமாக இருந்தால் சிரமப்படுவதும் அவர்களே. பணம் முழுக்க அரசுடையது, மக்கள் வேலைக்குக் கூலி வாங்கினார்கள். 2010க்குப் பிறகு கொழும்பின் போக்கு மாறி, தோட்டங்களைக் காலி செய்து அடுக்குமாடிகளுக்கு அனுப்புவது பிரதானமாகிவிட்டது.

ஓரங்கியில் மக்கள் பணம், மக்கள் முடிவு. கொழும்பில் அரசுப் பணம், மக்கள் முடிவு. இப்போது தமிழ்நாட்டின் ‘நமக்கு நாமே’ திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். பள்ளிக் கட்டடம், பூங்கா போன்றவற்றுக்கு இது நன்றாகவே பயன்படும். ஆனால் முன்பணம் திரட்ட வசதியுள்ள தெருவுக்குத்தான் இது முதலில் எட்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வசதியானவர்கள் வாழும் நகருக்கு மாநகராட்சி குழாய் போடும்போது யாரும் அவர்களை மண்வெட்டி எடுத்து வரச் சொல்வதில்லை. ஏழைகள் மட்டும் ஏன் உழைப்பும் பணமும் தரவேண்டும்? ஓரங்கிக்காரர்களின் பதில் நடைமுறை சார்ந்தது: இருபது ஆண்டு காத்திருந்தும் வரவில்லை, குழந்தைகள் வயிற்றுப்போக்கில் படுக்கிறார்கள், இன்னும் எவ்வளவு நாள்? காத்திருக்க முடியாதவர்களுக்கு அது சரியான பதில். அதையே ஓர் அரசு தன் கொள்கையாக எடுத்து நீட்டினால் அது கைகழுவல். என் கருத்தில் கொழும்பு முறைதான் நேர்மையானது.

வாடகைக்கு இருப்பவர்களையும் மறந்துவிடக்கூடாது. குழாயும் பாதையும் வந்தால் வாடகை ஏறும். கூட்டத்துக்கு அழைக்கப்படுபவர் வீட்டுக்காரர், காலி செய்யப்படுபவர் குடித்தனக்காரர்.

## தமிழ்நாட்டில் நிலைமை

மூன்றாவது வழி, அதாவது இருந்த இடத்திலேயே மேம்படுத்துவது, சென்னைக்குப் புதிதல்ல. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியது. 2021-ல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. 1971 சட்டத்தின் கீழ் சென்னையில் 1,202 குடியிருப்புகள் அறிவிக்கப்பட்டன, 1985-ல் மேலும் 17. அறிவிக்கப்பட்ட பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு ஓரளவு உண்டு. 1977-லிருந்து உலக வங்கிக் கடனில் பல குடியிருப்புகள் இருந்த இடத்திலேயே மேம்படுத்தப்பட்டன. 1985-க்குப் பிறகு புதிய அறிவிப்பு நின்றது. அப்புறம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மறுகுடியமர்வுதான் வழக்கமானது.

திருச்சியில் வேறு மாதிரி நடந்தது. கிராமாலயா என்ற அமைப்பின் துணையோடு, குடிசைப் பகுதிப் பொதுக் கழிப்பறைகளை அந்தந்தப் பகுதிப் பெண்கள் குழுவே நடத்தத் தொடங்கியது. மாநகராட்சி கட்டடம், பெண்கள் நிர்வாகம், சிறு கட்டணம், டோக்கன், தினக் கணக்கு. வரும் பணத்தில் துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம், மோட்டார் பழுது, பல்பு. நாடு முழுவதும் பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். கட்டுவது ஒரு நாள் திறப்பு விழா, நடத்துவது தினசரி வேலை.

## ஓர் அறிவிப்பைப் படிக்கும்போது

அடுத்த முறை ‘மக்கள் பங்கேற்புடன்’ என்ற செய்தியைப் பார்த்தால் கீழே உள்ளவற்றைத் தேடலாம்:

1. வெளியேற்றமாட்டோம் என்று எழுத்தில் உண்டா, எத்தனை ஆண்டுக்கு?
2. வேலைப் பணம் யார் வங்கிக் கணக்குக்குப் போகிறது?
3. மதிப்பீட்டையும் வரைபடத்தையும் குடியிருப்பவர்கள் பார்க்க, மாற்றச் சொல்ல முடியுமா? அல்லது முடிவான தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்களா?
4. வாடகைக்காரர்கள் கணக்கில் உண்டா?
5. சந்துக் குழாய் எந்தப் பெருங்குழாயில் சேர்கிறது? அந்தப் பெருங்குழாய் இப்போது இருக்கிறதா, அல்லது ‘இரண்டாம் கட்டத்தில்’ வருமா?
6. மூன்று ஆண்டு கழித்துக் குழாய் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது, அதற்கான பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது?

இவற்றில் ஐந்தாவதற்குப் பதில் செய்திக்குறிப்பில் அநேகமாக இருக்காது. மாநகராட்சிப் பொறியாளர் அலுவலகத்தில் வரைபடத்தைக் கேட்டால் கிடைக்கும். தரமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதிப் போடலாம்.